வெள்ளைப் பாலும் கறுப்பு டயரும்

(மலேசியாவின் லிங்கியில் தோட்டக் குடும்பத்தினரும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மண்டபத்துக்கு வெளியே இன்று நிறைய மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. எல்லாவற்றின் டயரும் கறுப்பு. ஆனால் ரப்பர் பால் மங்குக் கிண்ணத்தில் வடியும்போது என்ன நிறம் என்று இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது லண்டன் பங்குச் சந்தையில் அடிபட்ட பெயர்களில் 'லிங்கி'யும் ஒன்று. இந்த ஊர்ப் பெயரைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது அந்த வெள்ளைப் பால்தான். வெள்ளையாகப் போனது ஏன் கறுப்பாகத் திரும்பி வந்தது? இந்தக் கேள்வியில் தொடங்கினால் வெளிச்சம், சூடு, இலை, கூரை, நம்முடைய தோல் என்று வெகுதூரம் போகலாம்.

முதலில் வெள்ளையைப் பார்த்துவிடுவோம். மரத்துப் பால் என்பது தண்ணீரில் மிதக்கும் கோடிக்கணக்கான ரப்பர் துகள்கள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் அளவைவிடவும் சிறியவை. வெளிச்சம் ஒரு துகளில் பட்டுத் தெறிக்கிறது, அடுத்ததில் பட்டு மறுபடியும் தெறிக்கிறது. எந்த நிறமும் உள்ளே தங்குவதில்லை. எல்லா நிறமும் கலந்து வெளியே வருவதால் நம் கண்ணுக்கு வெள்ளை. பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, மெஷினில் சீட்டாக நசுக்கித் தண்ணீரைப் பிழிந்து உலர்த்திப் பாருங்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தெறிப்பு நின்றுபோகும், சீட்டைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். புகைக்கூடத்துக்குப் போய் வந்த பிறகு அதுவே பழுப்பாகிவிடும். ஆக, பால் வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் சாயமல்ல, தெறிப்பு.

டயரும் ஆரம்பத்தில் கறுப்பாக இல்லை. மிஷ்லின் கம்பெனியின் டயர் மனிதனை விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். 1898இல் அவனை வரைந்தபோது டயர்கள் வெளிறிய நிறத்தில் இருந்தன. அதனால்தான் அவன் இன்றும் வெள்ளையாகவே நிற்கிறான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ரப்பரோடு கரித்தூளைக் கலந்தார்கள். எண்ணெயையோ வாயுவையோ முழுதாக எரிய விடாமல் எடுக்கிற மிக நுண்ணிய புகைக்கரி அது. அதைச் சேர்த்தால் டயர் சீக்கிரம் தேயாது, கிழியாது. பலத்துக்காகச் சேர்த்த கரி இன்னொரு வேலையையும் செய்தது. ரப்பரை வெயிலிலிருந்து காப்பாற்றியது.

எப்படி? பெரும்பாலான பொருள்களில் எலெக்ட்ரான்கள் குறிப்பிட்ட சில அளவு ஆற்றலை மட்டுமே ஏற்கும். அந்த அளவுக்குப் பொருந்திய நிறம் உள்ளே போகும், மற்றவை திரும்பிவிடும். கரியின் அமைப்பில் எலெக்ட்ரான்களுக்கு அந்தக் கட்டுப்பாடு ஏறக்குறைய இல்லை. சிவப்பு வந்தாலும் நீலம் வந்தாலும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வந்தாலும், அகச்சிவப்பு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். ஏற்ற எலெக்ட்ரான் அந்த ஆற்றலை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு துண்டு வருமே, அப்படிப்பட்ட சில துண்டு நேரத்துக்குள் அதைச் சுற்றியிருக்கும் அணுக்களிடம் கொடுத்துவிடுகிறது. அணுக்கள் அதிர்கின்றன. அணுக்களின் அதிர்வைத்தான் நாம் சூடு என்கிறோம். கறுப்பில் விழுந்த வெளிச்சம் இப்படித்தான் முடிகிறது: வெளிச்சமாக இருந்தது போய்விட்டது, ஆற்றலில் ஒரு துளியும் குறையவில்லை.

புற ஊதாக் கதிரின் ஒரு துணுக்கு ரப்பர் மூலக்கூறின் பிணைப்பை அறுக்கும் அளவுக்கு வலுவுள்ளது. வெயிலில் கிடந்த ரப்பர் பட்டை வெடித்து நொறுங்குவதற்கு அந்தக் கதிரும் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை காரணம். அதே துணுக்கைக் கரி வாங்கிச் சூடாக்கிவிட்டால் ஆபத்தில்லை. ஒரு மூட்டை அரிசி உச்சந்தலையில் விழுவது வேறு, அதே மூட்டையைப் படி படியாக லயத்து வீடுகளுக்கெல்லாம் பங்கிடுவது வேறு. ஆற்றல் அதேதான். ஒரே இடத்தில் அடியாக விழாமல் ஆயிரக்கணக்கான அணுக்களுக்குப் பரவிவிட்டது.

கறுப்பு வெளிச்சத்தை உறிஞ்சும், அதனால் சூடாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். தவறில்லை, ஆனால் அது பாதிக் கணக்குத்தான். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு. உறிஞ்சிய ஆற்றல் எந்த வழியாக வெளியே போகிறது என்று கேட்டால்தான் ஒரு பொருள் கொதிக்குமா குளிர்ந்திருக்குமா என்பது தெரியும். நான் இன்று சொல்ல வந்தது இந்தச் செலவுப் பக்கத்தைப் பற்றித்தான்.

முதலில் வரவு எவ்வளவு என்று பார்ப்போம். லிங்கி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய இரண்டரை டிகிரியில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும், சூரியன் நேராக நம் தலைக்கு மேல் வரும். அந்த உச்சி வேளை கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு வராது, ஒன்றேகால் மணியளவில்தான் வரும். 1982 ஜனவரி 1ஆம் தேதி மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். இருட்டில் பெரட்டுக்கு ஆஜர் கொடுக்கப் போனவர்களுக்கு அதற்குப் பிறகு இருட்டு இன்னும் கொஞ்சம் நீண்டது ஞாபகம் இருக்கும். மேகமில்லாத உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றல் இறங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு 3,600 கிலோஜூல். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வெயிலில் தார் ரோடு இருக்கிறது, அதை ஒட்டியே தோட்டம் இருக்கிறது. புதிதாகப் போட்ட தார், விழுந்ததில் நூற்றுக்கு 95 பங்கை உறிஞ்சுகிறது. வானத்திலிருந்து பார்த்தால் காடும் தோட்டமும் கூட இருட்டாகத்தான் தெரியும். அடர்ந்த காடு 85 பங்குக்கு மேல் உறிஞ்சிக்கொள்கிறது. வரவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியாது, மரத்தடியில் துண்டை விரித்துப் படுக்கலாம். நிழல்தான் காரணம் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சரி, வெயிலை நேராக வாங்குகிற மேல் இலை ஏன் தார் மாதிரி 60 டிகிரிக்குக் கொதித்துக் கருகிப் போவதில்லை?

இலைக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் நன்றாக உறிஞ்சும், பச்சையைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். அகச்சிவப்பில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை ஒட்டியிருக்கிற பகுதியை, அதாவது வெயிலின் ஆற்றலில் பெரிய பங்கை, இலை பெருமளவுக்குத் திருப்பிவிடுகிறது அல்லது கீழே கடத்திவிடுகிறது. உறிஞ்சியதில் ஒரு சிறு பங்கு, மொத்த வெயிலில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, சர்க்கரையாக மாறுகிறது. அந்தச் சிறு பங்கிலிருந்துதான் மரமும் பாலும் செம்பனைக் குலையும் வந்தன. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததும் அதற்காகத்தான். மிச்சம் சூடாகிறது. ஆனால் சூடானதும் இலை தண்ணீரை ஆவியாக விடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேண்டும். இப்போது அந்த 3,600ஐ எடுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் இறங்குகிற வெயில் முழுவதையும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் சுமந்துகொண்டு போய்விடும். மரம் அவ்வளவு முழுமையாகச் செய்வதில்லை. என்றாலும் தண்ணீர் குறையாத இந்தச் சீமையில் உறிஞ்சியதில் பெரும் பங்கு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. தார் ரோட்டுக்கு ஆவியாக விடத் தண்ணீர் இல்லை. அது காற்றையும் நம்மையும் சூடாக்கித்தான் தன் கணக்கைத் தீர்க்க வேண்டும்.

பாலெடுக்க மரம் வெட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு உருவத்தில் தெரியும். என் அம்மா இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மரம் வெட்டியவர். தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே முதல் மரத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பது அவருக்கும் அவரோடு நிரையில் நின்றவர்களுக்கும் யாரும் சொல்லித் தராமலே தெரிந்தது. காரணம் இலையில் இருக்கிறது. இரவில் இலையின் துளைகள் மூடியிருக்கும், மரத்துக்குள் தண்ணீரின் அழுத்தம் கூடியிருக்கும். பட்டையை வெட்டியதும் பால் குழாய்களிலிருந்து அந்த அழுத்தத்தால் பால் தள்ளப்படுகிறது. விடிந்து வெயில் இலையில் விழுந்ததும் ஆவி போகத் தொடங்கும், தண்ணீர் மேலே இழுக்கப்படும், பட்டைக்குள் அழுத்தம் இறங்கும். இலை வெயிலை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளத் தொடங்குகிற அந்த நேரத்தில் மங்கில் சொட்டு குறைகிறது. தோட்டத்து வேலை நேரத்தைப் பெரட்டுக் களத்தில் தண்டலும் கிராணியும் வகுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்களுக்கும் மேலே இருந்து அதை வகுத்தது இலையில் விழுகிற வெளிச்சம்.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரைக்கும் தோட்டமாக இருந்த நிலம் எவ்வளவோ இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. மரத்தை வெட்டித் தாரும் சிமெண்டும் போட்டால் நிலத்தின் நிறம் மாறுவது சின்ன விஷயம். ஆவியாகும் வழி அடைபடுகிறதே, அதுதான் பெரிய விஷயம். தோட்டத்தை விட்டு வந்தபிறகு பகலெல்லாம் அனலடிக்கிறது என்று வயதானவர்கள் சொன்னால் அதை ஏக்கப் பேச்சு என்று பிள்ளைகள் தள்ளிவிடக் கூடாது. அது அளந்து பார்க்கக்கூடிய உண்மை.

இனிக் கூரைக்கு வருவோம். இதில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் நினைப்பதற்கு மாறான ஒன்று இங்கே இருக்கிறது.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தகரக் கூரை தெரியும். மதியம் வாசலை ஒட்டிய அஞ்சடியில் வந்து உட்கார்ந்துகொள்வோமே தவிர உள்ளே இருக்க முடியாது. பழைய தகரம் துருப்பிடித்துக் கறுத்திருக்கும், அதனால் சூடு என்பது சரிதான். துரு வெயிலில் நூற்றுக்கு 70, 80 பங்கை உறிஞ்சும். 40 சதுர மீட்டர் கூரை என்றால் உச்சி வேளையில் ஏறக்குறைய 30 கிலோவாட் அந்த ஒரு வீட்டின் தலைமேல் ஏறுகிறது. ஆனால் புதுத் தகரம் பளபளவென்று கண்ணைக் கூச வைக்கும். வெயிலை நிறையத் திருப்பி அனுப்புகிறது. அது குளிர்ந்திருக்க வேண்டும் அல்லவா? கையை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுடும்.

இதற்கு விடை 1859இல் ஜெர்மனியின் கிர்ஹாஃப் சொன்ன ஒரு விதியில் இருக்கிறது. ஒரு மேற்பரப்பு எந்தக் கதிரை நன்றாக உறிஞ்சுமோ அதே கதிரை நன்றாக வெளியிடும். உறிஞ்சாததை வெளியிடவும் தெரியாது. சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிராகத் தன் சூட்டை வெளியே அனுப்புகிறது. நம் கூரையும் சுவரும் உடம்பும் இருக்கிற வெப்பநிலையில் அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாத நீண்ட அலை. பளபளக்கும் உலோகம் அந்த நீண்ட அலையை உறிஞ்சுவதில்லை, அதனால் வெளியிடவும் முடிவதில்லை. வெயிலில் அது வாங்குவது குறைவுதான், ஆனால் வாங்கியதை வெளியேற்ற வாசல் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறிக்கொண்டே போகிறது.

வெள்ளைப் பெயிண்ட் என்ன செய்கிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் அது வெள்ளை, 70, 80 பங்கைத் திருப்பிவிடும். நீண்ட அகச்சிவப்பிலோ அது ஏறக்குறைய கறுப்பு! அந்த அலையைப் பார்க்கிற கண் நமக்கு இருந்தால் வெள்ளையடித்த கூரையும் கரி பூசிய கூரையும் ஒரே மாதிரி தெரியும். வரவு குறைவு, செலவுக்கு வாசல் அகலம். அதனால்தான் பளபளக்கும் தகரத்தைவிட வெள்ளை பூசிய தகரம் குளிர்ச்சி. வெப்ப நாடுகளின் நகரங்களில் இன்று கூரைக்கு வெள்ளை பூசும் திட்டங்கள் வருகின்றன. சென்னையில் பெரும்பாக்கத்துக் குடியிருப்புகளில் தமிழ்நாட்டு அரசு அதைச் செய்துபார்த்தது, தெலங்கானா 2023இல் அதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. நம்முடைய பழைய அத்தாப்பு ஓலைக் கூரையின் குளிர்ச்சி வேறு வகை: அது சூட்டைத் தடிமனால் தடுத்தது. தகரம் மழைக்கு நல்லது, நெருப்புப் பற்றாது, நீண்டகாலம் உழைக்கும், ஆகவே அதைக் குறை சொல்லவில்லை. அதன்மேல் ஒரு கோட் வெள்ளை பூசாமல் விட்டுக் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக அதன் அடியில் புழுங்க வைத்ததைத்தான் குறை சொல்கிறேன். கிர்ஹாஃபின் விதி தெரியாத காலமல்ல அது. லிங்கியில் முதல் ரப்பர் கன்று நட்டபோதே அந்த விதிக்குப் பல பத்தாண்டு வயதாகியிருந்தது.

நம் ஊரின் இரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலைவனத்தில் பகல் சூடு இரவில் வானத்துக்குப் போய்விடுகிறது, விடியற்காலை நடுங்க வைக்கும். இங்கே காற்றில் நீராவி நிறைய. நீராவி அந்த நீண்ட அகச்சிவப்பை உறிஞ்சித் திரும்பவும் நம் பக்கமே அனுப்புகிறது. அதனால் வாசல் பாதிதான் திறக்கிறது. பகலில் குறைவாக வாங்குவது பாலைவனத்தவரைவிட நமக்கு முக்கியம்.

துணிக்கும் இதே கேள்வி உண்டு. 1761இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு கடிதத்தில் தான் செய்த சோதனையை எழுதினார். பல நிறத் துணித் துண்டுகளை வெயில் காயும் பனியின்மேல் போட்டார். கறுப்புத் துண்டு பனியை உருக்கி ஆழமாக இறங்கியது, வெள்ளை மேலேயே கிடந்தது. வெப்ப நாட்டில் கறுப்பு உடுத்தக் கூடாது என்று முடிவு சொன்னார். ஆனால் சினாய்ப் பாலையில் பெதூயின்கள் தொளதொளத்த கறுப்பு அங்கி போடுகிறார்கள். 1980இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு அதை அளந்து பார்த்தது. கறுப்பு அங்கி அதிகமாகத்தான் உறிஞ்சுகிறது, ஆனால் அந்த அதிகச் சூடு துணியிலிருந்தே காற்றோடு போய்விடுகிறது, தோலுக்கு வந்து சேருவதில்லை. உடம்போடு ஒட்டிய கறுப்பு டீ-ஷர்ட்டுக்கு இது பொருந்தாது. துணிக்கும் உடம்புக்கும் இடையே காற்று ஓட இடம் வேண்டும்.

கடைசியாகத் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்காகவே வந்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம், முன்னால் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நம் தோலின் கருமைக்குப் பெயர் மெலனின். டயரில் கரி செய்கிற வேலையை அது உயிருள்ள உடம்பில் செய்கிறது. புற ஊதாவை வாங்கி, கண் சிமிட்டும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அதைச் சூடாக மாற்றிவிடுகிறது. அது தடுத்திராவிட்டால் அந்தக் கதிர் நேரே செல்லின் மரபணுவில் போய் அடிக்கும். மெலனின் இல்லாமல் பிறந்தவர்களுக்கு வெப்ப நாடுகளில் இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வருவதற்குக் காரணம் அதுதான். கறுப்புத் தோல் அதிகம் சூடாகாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் அதிகம் உறிஞ்சும்தான். வெயிலின் ஆற்றலில் பாதி அகச்சிவப்பு, அங்கே கறுத்த தோலுக்கும் வெளுத்த தோலுக்கும் பெரிய வேறுபாடில்லை. மிச்சச் சூட்டுக்கு வியர்வை இருக்கிறது, இலைக்கு இருக்கிற அதே வழி.

சந்தையில் விற்கும் வெளுப்புக் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. மெலனின் உண்டாவதற்கு உதவுகிற நொதியை அது முடக்குகிறது, அதனால்தான் முகம் வெளுக்கிறது. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலேசியச் சுகாதார அதிகாரிகள் இப்படிப்பட்ட கிரீம்களைத் திரும்பத் திரும்பத் தடை செய்திருக்கிறார்கள். இந்த வெயிலில் நிரை நிரையாக மரம் வெட்டி, களை பிடுங்கி, குலை பொறுக்கிய உடம்புகளைக் காத்து நின்றது அந்தக் கருமை. அதைக் காசு கொடுத்து அழிக்கிறோம், அதுவும் விஷத்தைப் பூசி. தாயார்களே, கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கு யாராவது அந்த டப்பாவை வாங்கிக் கொடுத்தால் தயவுசெய்து வாங்கி எறிந்துவிடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். 1804இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லெஸ்லி செய்த சோதனையைப் பால் டின்னை வைத்தே செய்யலாம். ஒரே அளவான மூன்று டின் எடுங்கள். ஒன்றுக்கு விளக்குக் கரி பூசுங்கள், ஒன்றுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள், ஒன்றைத் தேய்த்துப் பளபளப்பாகவே விடுங்கள். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்து, கால் மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். கரி டின் முந்தும் என்று உங்களுக்கே தெரியும். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மூன்றிலும் ஒரே சூட்டில் வெந்நீர் ஊற்றி, மூடி போட்டு, காற்றோட்டமில்லாத அறைக்குள் நிழலில் வைத்து மறுபடியும் எழுதுங்கள். வெள்ளையும் கறுப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே ஆறும். பளபளக்கும் டின் பின்தங்கும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து, உங்கள் வீட்டுக் கூரைக்கு எந்த டின் பொருத்தம் என்று அப்பாவிடம் காட்டுங்கள். பெயிண்ட் வாங்கப் போகிறவர் அவர்தான்.